முகத்துவாரத்துல பருந்து தலையைக் கீறுதா?

மீன் குடலைப் பருந்துக்கு மேல வீசுறதை இன்னைக்கே நிறுத்துங்க, பாதித் தொல்லை அதோட போயிடும்.

எண்ணூர் முகத்துவாரத்துல மீன் ஆயும்போது பருந்து பின்னாடியிருந்து வந்து தலையைக் கீறிட்டுப் போகுதுன்னு எழுதியிருக்கீங்க. பருந்துக்கு உங்க மேல கோபமெல்லாம் இல்லை. கையில இருந்து கிளம்புற எதுவும் தீனின்னு நாமதான் பழக்கி வெச்சிருக்கோம். வால் நடுவுல பிளவா இருந்தா கள்ளப்பருந்து. காலால கவ்வி, பறந்துக்கிட்டே கொத்தித் தின்னும். தலை வெள்ளை, உடம்பு செங்கல் நிறம்னா செம்பருந்து.

செவுளு, குடலை மூடி போட்ட பக்கெட்டுல போடுங்க. அன்னக்கூடை மேல ஈரச்சாக்கு.

அப்புறம் ஒரு சோதனை. மீன் ஆயாத நாள்ல வெறுங்கையோட அங்கேயே நில்லுங்க. அப்பவும் பாய்ஞ்சா பக்கத்து மரத்துலயோ டவர்லயோ கூடு இருக்கலாம். குஞ்சு பறக்கிற வரைக்கும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

கல்லு, விஷம் வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்துல மாட்டிப்பீங்க. கழிவோட தங்கூஸ் (நைலான் நரம்பு) துண்டு, தூண்டில் முள்ளு போகாம பாருங்க, கால்ல சுத்தினா பறவை செத்துடும். கீறலை சோப்பு போட்டுக் கழுவிட்டு, டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னும் பாருங்க.