முகாமுக்குப் போக விரும்பும் மகனும் வங்கித் தேர்வும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பி.காம். முதலாண்டு படிக்கும் உங்கள் மகன் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) பெயர் கொடுத்து, அதன் முகாமுக்குப் போக விரும்புவதாகவும், அந்த நேரத்தில் வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போனால் உருப்படியாக இருக்குமே என்றும் எழுதியிருந்தீர்கள். கூடவே, 'என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால், ஏதாவது ஒரு வேலை என்கிறான்' என்ற வரியும் இருந்தது. முகாமைவிட இந்த வரியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்வானாலும் அதிகாரி தேர்வானாலும், விண்ணப்பிக்கக் குறைந்தது 20 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுவாகப் பட்டமும் பெற்றிருக்க வேண்டும். தம்பிக்கு அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. நலப்பணித் திட்டம் கேட்பதோ ஆண்டுக்கு 120 மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டரை மணிக்கும் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்குள் 7 நாள் சிறப்பு முகாம் ஒன்று. அரியர் வைத்திருக்கும் பிள்ளை என்றால் அதை முடித்துவிட்டு வா என்றுதான் நானும் சொல்வேன். உங்கள் மகனுக்கு அந்தத் தொல்லை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட திட்டம் இது. வகுப்பறைக்கு வெளியே இருக்கும் மனிதர்களை மாணவர்கள் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். வேலை தேடித் தருவதற்காக யாரும் அதைத் தொடங்கவில்லை. ஆனால் மதிப்பெண்ணும் மிரட்டலும் இல்லாத இடத்தில் ஒரு பிள்ளை எந்த வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது என்பது அங்கேதான் தெரியவருகிறது. எந்தத் துறைக்குப் போகலாம் என்று கேட்டு வரும் மாணவர்களுக்கு நான் தரும் உளத்திறன் வினாத்தாளில் அது அவ்வளவு சீக்கிரம் வெளிப்படுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பி.எஸ்சி. கணிதம் படித்த மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவரும் 'ஏதாவது அரசு வேலை' என்றுதான் சொன்னார். பேச்சுவாக்கில் முகாமுக்குப் போய்வந்ததைச் சொல்லவே, தன்னார்வலர்கள் எழுத வேண்டிய பணிக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பெரும்பாலான குறிப்பேடுகளில் 'இன்று முகாம் இனிதே நடைபெற்றது' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. இவருடையதில், வீடு வீடாகக் கணக்கெடுத்த நாளின் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கட்டங்கள் போட்டிருந்தது. காலையில் பூட்டிக் கிடந்த 11 வீடுகளையும் தனியாகக் குறித்து, அந்த வீட்டார் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று விசாரித்தறிந்து, மாலை 5 மணிக்கு மேல் மறுபடியும் போய் விவரம் வாங்கியிருந்தார். 'உன்னை யார் போகச் சொன்னது?' என்று கேட்டேன். 'அவர்களை விட்டுவிட்டால் கூலி வேலைக்குப் போகிறவர்களே கணக்கில் வரமாட்டார்கள், சார்' என்றார். புள்ளியியல் என்றொரு படிப்பு இருப்பதை அன்றுதான் அவரிடம் விரிவாகச் சொன்னேன், எம்.எஸ்சி.யில் அதையே எடுத்தார்.

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடாது. சில கல்லூரிகளில் இந்தத் திட்டம் விழாவுக்கு நாற்காலி போடுவதோடும், விருந்தினருக்குப் பொன்னாடை எடுத்துக் கொடுப்பதோடும் நின்றுவிடுகிறது. ஆகவே திட்ட அலுவலரை ஒருமுறை நேரில் பார்த்து, முகாம் எந்த ஊரில் நடக்கிறது, அங்கே தொடர்ந்து போகிறார்களா, சமையல் செலவுக் கணக்கை மாணவர்களே எழுதுகிறார்களா என்று கேளுங்கள். பி.காம். மாணவனுக்கு அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஐம்பது பேருக்கு ஏழு நாள் அரிசி, காய்கறி வாங்கி, ரசீது சேர்த்து, மிச்சப் பணத்தை ஒப்படைத்த பிள்ளைக்குக் கணக்கு வேலை பிடிக்குமா, பிடிக்காதா என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சான்றிதழால் நேரடிப் பயன் வேண்டுமென்றால் தேசிய மாணவர் படை வேறு வகை. அதன் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும், பட்டப்படிப்பில் 50 விழுக்காடும் இருந்தால், தரைப்படை அதிகாரி பணிக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வில்லாமல் எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். சீருடையில் நாட்டமில்லாத பையனை அதற்காக அனுப்ப வேண்டாம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சிக்கானது; எந்தத் திறன் என்று ஓரளவு தெரிந்த பிறகு அதில் பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் பலன் கூடும்.

வங்கித் தேர்வை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டாமாண்டு முடியும் தறுவாயில் அதைத் தொடங்கலாம். இப்போது தம்பி முகாமுக்குப் போய்வரட்டும். வந்ததும், 'சாப்பாடு எப்படி?' என்பதோடு, 'எந்த வேலையை உன்னிடம் கொடுத்தார்கள், எதை நீயாகக் கேட்டு வாங்கினாய்?' என்றும் கேளுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு குறிப்பேட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.