வாசகர் கேள்வி: சந்தியில் சிறு வட்டம், வரைபடத்தில் புள்ளியா, வளையமா?

கேள்வி: யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பகுதி ஒழுங்கைகளைச் சேர்த்து வருகிறேன். மூன்று வீதிகள் கூடும் சந்தியொன்றில், கறுப்பு வெள்ளைக் கட்டு சூழ்ந்த சிறு வட்டமும் அதன் நடுவே ஒரு சிலையும் உள்ளன. மிகச் சிறியது என்பதால் ‘மினி ரவுண்டபவுட்’ (சிறு சுற்றுவட்டம்) எனப் புள்ளியிட்டேன். இங்கிலாந்திலிருக்கும் தம்பி அது பிழை என்கிறான். எது சரி?
வாசகர், கோண்டாவில்

பதில்: தங்கள் தம்பி சொல்வதே சரி. அந்த வரைபடத்தின் வகைப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது, நடுவட்டத்தின் மேலால் வாகனம் ஏறிப் போக முடியுமா என்பதையே. அளவு அதற்குப் பின்னர்தான் வருகிறது.

‘மினி’ வகைச் சந்திகள் மலிந்த பிரித்தானியாவில், நடுவில் இருப்பது வீதியிலேயே பூசப்பட்ட, 1 முதல் 4 மீற்றர் வரை விட்டமுள்ள வெள்ளை வட்டம் மாத்திரமே. சில இடங்களில் அது சற்று மேடாகவும் இருக்கும். மூன்று வெள்ளை அம்புக்குறிகள் சுழலும் நீலப் பலகை அதை அறிவிக்கும். கார் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆனால் சுற்றித் திரும்ப இடம் போதாத நீண்ட பஸ்ஸின் பின்சில்லு அந்த வெள்ளைப் பூச்சின்மீது ஏறி இறங்குவதற்கு வீதி விதிகளே இடமளிக்கின்றன. வீதிகள் வெட்டும் இடத்தில் தடையேதும் இல்லாததால், வரைபடத்தில் அங்கே ஒரு புள்ளி போதும்.

தங்கள் சந்தியிலோ சிலை நிற்கிறது. எந்த லொறியும் அதன்மேல் ஏறப் போவதில்லை. ஆகவே, வட்டம் எவ்வளவு சிறியதாயினும், அதை ஒரு வளையக் கோடாக வரைந்து, மூன்று வீதிகளையும் வளையத்தின் வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக இணைத்து, ‘ரவுண்டபவுட்’ எனக் குறிப்பதே முறை. இரண்டு வீதிகளை ஒரே புள்ளியில் இணைத்துவிட்டால், “இரண்டாவது வழியால் வெளியேறுக” என்று கைத்தொலைபேசி சொல்லும் கணக்குத் தவறக்கூடும்.

பிற நாடுகளுக்குச் சென்றால் இது இன்னும் சிக்கலாகும். ஜெர்மனியில், சுற்றும் பாதையையும் சேர்த்து 13 முதல் 22 மீற்றர் வரை வெளிவிட்டமுள்ளவற்றைச் சிறு வட்டம் என்பார்கள்; பிரான்சில் 24 மீற்றருக்குக் குறைந்தவையே அவ்வகை. இரு நாடுகளிலும் பெரிய வாகனம் நடுப்பகுதியில் ஏறலாம் என்பதால் பிரித்தானிய வகையுடன் பொருந்துகின்றன. ஆனால் அமெரிக்காவின் சியற்றில் நகரக் குடியிருப்பு வீதிகளில், கட்டுக்குள் மரமும் செடியும் நட்ட சிறு வட்டங்கள் நிறைய உண்டு. அளவை மட்டும் நம்புகிறவர் அவற்றையும் ‘மினி’ என்று போட்டுவிடுவார். மரத்தின்மேல் யார் ஏறுவது?

வளையம் என்று முடிவான பின்னரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வாகனத்துக்கு நுழையும் வாகனம் வழிவிட வேண்டுமென்றால்தான் அது ‘ரவுண்டபவுட்’. பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள பெருவட்டத்தில், வலப்புறமிருந்து நுழைபவருக்கே முன்னுரிமை. அத்தகையவற்றுக்குச் ‘சேர்க்கியூலர்’ என்ற வேறு குறி உண்டு. (ஒழுங்கை முடியுமிடத்தில் வாகனம் திருப்புவதற்கான அகலம் இவற்றில் எதிலும் சேராது, அதற்கும் தனிக் குறி இருக்கிறது.)

தங்கள் சந்தியில் வழிவிடும் ஒழுங்கு எப்படி என்பதை நேரில் நின்று பாருங்கள். செய்மதிப் படம் அதைக் காட்டாது. வளையத்தை வரையும்போது, நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால், கோயிலை வலம் வருவதுபோல மையம் வலக்கைப் பக்கம் இருக்குமாறு கோட்டை இழுக்க வேண்டும். கோடு இழுபடும் திசையையே மென்பொருள் ஒருவழிப் போக்காக எடுத்துக்கொள்ளும். வேறெங்காவது பூச்சு வட்டமொன்றைக் கண்டு புள்ளியிட நேர்ந்தால், வலஞ்சுழி என்ற திசைக் குறிப்பையும் மறவாமல் சேருங்கள். விட்டுவிட்டால், வலப்பக்கம் ஓட்டும் நாடுகளின் வழக்கப்படி அது இடஞ்சுழியாகவே கொள்ளப்படலாம்.