ஹெல்சிங்கி டிராமில் போன செய்தி

அன்புள்ள அண்ணா,

தாமதம் தாங்கும் நெட்வொர்க்குகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இறுதியாண்டு புராஜெக்டை எடுத்தேன். டவர் கிடைக்காதபோது செய்தியை ஃபோனிலேயே வைத்திருந்து, எதிர்ப்படும் இன்னொரு ஃபோனுக்கு புளூடூத்தில் கைமாற்றும் ஆப். இப்படிப்பட்ட நெட்வொர்க்கைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் 'ஒன்' சிமுலேட்டரில் பெரும்பாலான செய்திகள் போய்ச் சேர்கின்றன. வளாகத்தில் ஆறு நண்பர்களின் ஃபோன்களில் போட்டு ஒரு நாள் பார்த்தேன், ஒன்றிரண்டுதான் சேர்ந்தன. கைடு சார், 'சிமுலேஷன் கிராஃபே போதும்' என்கிறார். எதை நம்புவது? செட்டிங்ஸ் கோப்பை இணைத்திருக்கிறேன்.

க., திருநெல்வேலி

அன்புள்ள க,

கோப்பைப் பார்த்தேன். சிமுலேட்டரோடு வரும் மாதிரிக் கோப்பை அப்படியே ஓட்டியிருக்கிறீர்கள். அந்த சிமுலேட்டர் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. அதனால் உங்கள் செய்திகள் ஹெல்சிங்கி வரைபடத்தில், ஆட்கள், கார்கள், டிராம்கள் என்று 126 கருவிகள் நடுவே, டிராம் ஏறிப் பன்னிரண்டு மணி நேரம் ஊர் சுற்றியிருக்கின்றன. திருநெல்வேலியில் டிராம் ஏது?

ஊரை மாற்றுவது சுலபம். சிக்கல் வேறு இடத்தில். அந்தக் கோப்பில் புளூடூத் எட்டும் தூரம் 10 மீட்டர், நடப்பவரின் வேகம் அதிகபட்சம் நொடிக்கு ஒன்றரை மீட்டர். அந்த வேகத்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒருவருக்கொருவர் எட்டும் தூரத்தில் இருப்பது ஏழு நொடிகூட இல்லை. சிமுலேட்டருக்கு அதுவே தாராளம். 10 மீட்டருக்குள் வந்த கணமே இணைப்பு, நொடிக்கு 250 கிலோபைட், ஒன்றரை எம்பிக்கு மேல் தாண்டிவிடும். ஒரு செய்தி அரை எம்பியிலிருந்து ஒரு எம்பி என்றால் ஒன்றிரண்டு கைமாறிவிட்டன. நிஜ ஃபோன் முதலில் 'யார் அங்கே?' என்று தேட வேண்டும். பழைய புளூடூத்தில் வழக்கமான ஒரு தேடல் 10.24 நொடி பிடிக்கும். அதற்குள் எதிரே வந்தவர் கேன்டீனுக்குள் போயிருப்பார். பாக்கெட்டில் திரை அணைந்து கிடக்கும் ஃபோனை ஆண்ட்ராய்டு இஷ்டத்துக்குத் தேடவும் விடாது.

ஆகவே யார் எப்படி நடந்தார்கள் என்பதை விடுங்கள். யாரை யார், எப்போது, எவ்வளவு நேரம் சந்தித்தார்கள் என்ற பட்டியல்தான் வேண்டும். 2005ல் மயாமியில் நடந்த இன்ஃபோகாம் என்ற நெட்வொர்க் ஆய்வாளர்கள் மாநாட்டில் பங்கேற்றவர்கள் சிலரிடம் சிறு புளூடூத் கருவியைக் கொடுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கம் யார் என்று பதிவு செய்தார்கள். பிரிந்த இருவர் மறுபடி சந்திக்க ஆகும் இடைவெளி, மனம்போன போக்கில் ஆட்களை நடக்கவிடும் மாதிரிகள் சொல்வதைவிட ரொம்ப நீளமான வால் கொண்டிருந்தது, அதாவது மிக நீண்ட இடைவெளிகள் எதிர்பார்த்ததைவிட அதிகம். சரி, மயாமி ஹோட்டலும் உங்கள் ஹாஸ்டலும் ஒன்றல்ல. உங்கள் பட்டியலை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அது இப்படி இருக்கும்: 9360ஆவது நொடியில் 2ம் எண் ஃபோனும் 5ம் எண் ஃபோனும் சேர்ந்தன, 9840ல் பிரிந்தன: மெஸ் வரிசையில் எட்டு நிமிடம். ஒன் சிமுலேட்டர் இப்படிப்பட்ட பட்டியலை நேரடியாகவே வாங்கிக்கொள்ளும், வரைபடமே தேவையில்லை. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தேடினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். இடையில் வந்து போனவர் பட்டியலில் இருக்க மாட்டார்.

அப்புறம், அதே பட்டியலை நிஜ ஆப்பிலும் ஓட்டலாம். ஆறு ஃபோன்களையும் ஒரே மேசையில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் எல்லாம் கேட்கும். ஆப்புக்குள், ரேடியோவுக்கும் செய்தியைக் கைமாற்றும் பகுதிக்கும் நடுவே சின்னதாக ஒரு வடிகட்டி எழுதுங்கள். பட்டியல்படி இந்த நேரத்தில் சந்திக்காத ஃபோன் எதிரில் இருந்தாலும் கண்டுகொள்ளக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. நான் ஒருமுறை இப்படி, பன்னிரண்டு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி ஓட்டினேன். பட்டியலின் கடிகாரம் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. செய்தி காலாவதியாகும் கணக்கு மட்டும் ஃபோனின் கடிகாரத்திலேயே நின்றது. ஐந்து மணி நேரத்தில் சாக வேண்டிய செய்தி ஒன்றுகூடச் சாகவில்லை. அபார ரிசல்ட் என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

கைடு சாரின் கிராஃபைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் பக்கத்திலேயே உங்கள் பட்டியலை ஓட்டிய கிராஃபையும் போடுங்கள், அவரே கேள்வி கேட்பார். ஒரு நாள் பதிவு போதாது, ஒரு வாரம் எடுங்கள். ஹாஸ்டல் காலியாகும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள்.