“பெண்களும்தானே அடிக்கிறார்கள்?” – வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. “கணவன் மனைவியை அடிப்பதும் மனைவி கணவனை அடிப்பதும் சமம் என்று அமெரிக்க ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது” என்கிறார்கள். நான் மறுத்தால் “டேட்டா இருக்கு மேடம்” என்று வாயை அடைக்கிறார்கள். அப்படி ஓர் ஆராய்ச்சி உண்மையிலேயே இருக்கிறதா அக்கா?
– வாசகி, திருச்சி

இருக்கிறது. அதனால் ‘பொய்’ என்று சொல்லி வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். 1975-ல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் மரே ஸ்ட்ராஸும் அவர் குழுவும் அமெரிக்கா முழுவதும் 2,143 குடும்பங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். “போன ஒரு வருஷத்தில் சண்டை வந்தபோது பொருளைத் தூக்கி எறிந்தீர்களா, தள்ளினீர்களா, அறைந்தீர்களா, உதைத்தீர்களா, கத்தியைக் காட்டினீர்களா” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எத்தனை தடவை என்று எண்ணும் முறை அவருடையது. அப்படி எண்ணியதில் கைநீட்டிய கணவர்கள் ஏறத்தாழ 12 சதவீதம், கைநீட்டிய மனைவிகளும் ஏறத்தாழ 12 சதவீதம். உங்கள் குரூப்பில் சுற்றுவதற்கு மூலம் அநேகமாக இதுதான், அல்லது இதன் வழியில் பின்னால் வந்த ஆய்வுகள்.

சரி, அந்த எண்ணிக்கைக்குள் என்ன இல்லை என்று பார்ப்போம். யார் ஆரம்பித்தது, எதற்காக, யாருக்கு எலும்பு முறிந்தது, அடி விழுந்த பிறகு யார் யாரைப் பார்த்து நடுங்கினார்கள், இது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கதவை மறித்து நிற்கும் கணவனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு ஒரு பெண் வெளியே ஓடினால் ‘தள்ளியது: ஒன்று’. அவன் அவளைப் படிக்கட்டிலிருந்து தள்ளினால் அதுவும் ‘தள்ளியது: ஒன்று’. பிரிந்து போனவர்களைக் கேட்கவே இல்லை, சேர்ந்து வாழும் ஜோடிகளை மட்டும்தான் கேட்டார்கள். பெண் விட்டுப் போகும் நேரம்தான் எவ்வளவு ஆபத்தான நேரம் என்று காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியும். காயத்தையும் பாலியல் வற்புறுத்தலையும் 1996-ல் வந்த திருத்திய வடிவத்தில்தான் சேர்த்தார்கள்.

2000-ல் ஜான் ஆர்ச்சர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். கைநீட்டுவதில் பெண்கள் ஒரு நூலிழை முன்னால் இருந்தார்கள், காயம்பட்டவர்களில் 62 சதவீதம் பெண்கள். உங்கள் குரூப்காரர்கள் முதல் பாதியை அனுப்புகிறார்கள். இரண்டாவது பாதியை நீங்கள் அனுப்புங்கள். கூடவே 2023-க்கான ஐ.நா. கணக்கையும் அனுப்பலாம்: அந்த ஒரு வருஷத்தில் உலகில் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணையாலோ வீட்டு ஆட்களாலோ கொல்லப்பட்டார்கள். கொலையுண்ட பெண்களில் இது 60 சதவீதம். ஆண்களில் அப்படிச் செத்தவர்கள் 12 சதவீதத்துக்குள்தான்.

இந்தச் சண்டையில் எனக்கு அதிகம் புரியவைத்தவர் மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர். ‘சமம்’ என்றவர்களையும் ‘இல்லை’ என்றவர்களையும் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பார்த்துவிட்டு ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று 1995-ல் எழுதினார். வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாவது ஒரு வகை. காசு, போன், அம்மா வீட்டுக்குப் போவது, மூச்சுவிடுவது வரைக்கும் ஒருவர் பிடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பிடி தளராமல் இருக்க அடிப்பது இன்னொரு வகை. அமெரிக்காவில் ஏற்கெனவே எடுத்திருந்த பேட்டிகளை அவர் திரும்ப அலசியபோது, கணவனின் வன்முறையில் இந்த இரண்டாவது வகை பொதுவான கணக்கெடுப்பில் 11 சதவீதம், நீதிமன்றத்துக்கு வந்தவர்களிடம் 68, காப்பகத்துக்கு ஓடி வந்தவர்களிடம் 79 என்று வந்தது. வீடு வீடாகப் போனவருக்கு முதல் வகைதான் கண்ணில் பட்டது, காப்பகத்தில் வேலை பார்த்தவருக்கு இரண்டாவது வகைதான் தெரிந்தது, இருபது வருஷம் ஒருவரையொருவர் பொய்யர் என்றார்கள். இதிலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பேட்டிகள் எல்லாம் பெண்களிடம் மட்டும் எடுத்தவை.

நம் ஊர் அரசுக் கணக்கெடுப்பில் பெண்ணை மட்டும்தான் கேட்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டு எடுத்த கணக்கு எப்படி நியாயமாகும்?
– வாசகர், சேலம்

நியாயமான கேள்வி. தேசியக் குடும்பநல ஆய்வில் அடி வாங்கியது பற்றிப் பெண்களிடம்தான் கேட்கிறார்கள். 2019-21 சுற்றில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் இந்தியாவில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38. ஆனால் ஒன்று பலருக்குத் தெரியாது. அதே பெண்ணிடம் “அவர் அடிக்காத நேரத்தில் நீங்கள் அவரை எப்போதாவது அடித்ததுண்டா” என்றும் கேட்கிறார்கள். ஆமாம் என்றவர்கள் 4 சதவீதம். ஆண்களிடமும் கேட்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒரே வீட்டில் இருவரையும் ஒரே விஷயம் கேட்கக் கூடாது. அதற்குக் காரணம் வேறு.

பல வருஷம் முன்பு தருமபுரிப் பக்கம் ஒரு சர்வேக்குப் போயிருந்தேன். திண்ணையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண். “வீட்டுக்காரர் அடிப்பாரா?” என்றேன், “ஐயோ, அடிக்கிறதெல்லாம் இல்லைங்க” என்றார். அப்புறம் பட்டியலில் உள்ளபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். தள்ளிவிடுவாரா? “அது இருக்கும்.” கன்னத்தில் அறைவாரா? “கோபம் வந்தா.” முடியைப் பிடித்து இழுப்பாரா? பதில் சொல்லவில்லை, காய் ஆய்ந்த கை மட்டும் காதுக்கு மேலே போய் நின்றது. அங்கே முடி குறைவாக இருந்தது. அதற்குள் மாமியார் குடத்தோடு வாசலில் வர, நான் தாளைப் புரட்டி “கடைசிப் பையனுக்குத் தடுப்பூசி எப்போ போட்டீங்க?” என்றேன். அந்தப் பெண் ஒரு நொடிகூடத் தடுமாறாமல் தேதி சொன்னார்.

ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டும், தனியாகக் கேட்பது இதனால்தான். இன்னொருவருக்கும் அதே கேள்விதான் என்று தெரிந்தால் ராத்திரி அவளுக்கு என்ன நடக்கும்? கணவர்களைக் கேட்பதானால் வேறு வீட்டில், வேறு ஊரில் கேட்கலாம். ‘அடி’ என்ற சொல்லைச் சொன்னால் இல்லை என்பவர் தனித்தனியாகக் கேட்டால் ஆமாம் என்கிறாரே, அது ஸ்ட்ராஸ் முறையின் நல்ல பக்கம். நம் கணக்கெடுப்பும் அதைத்தான் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறது. அந்தக் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அது எண்ணாமல் விட்டதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

என் மனைவி என்னை அடிக்கிறாள். போன மாதம் தோசைக்கரண்டியால் சூடு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உங்கள் ஆராய்ச்சியில் நான் இருக்கிறேனா?
– பெயர் வேண்டாம்

இருக்கிறீர்கள் தம்பி, ஆனால் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் 2010 தேசிய ஆய்வில் துணையிடம் கடுமையாக அடிபட்டதாகச் சொன்ன பெண்கள் 24 சதவீதம், ஆண்கள் கிட்டத்தட்ட 14. ஏழில் ஓர் ஆண். அந்த ஆய்விலேயே தன்பாலீர்ப்புள்ள பெண்களில் 44 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம் துணையின் வன்முறையைச் சொன்னார்கள். ‘ஆண் அடிப்பான், பெண் வாங்குவாள்’ என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் நீங்களும் அவர்களும் தாளில் ஏறவே மாட்டீர்கள். பெண்களுக்காக வாதாடுகிற நான் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சூடு உங்கள் தோலில்தான் எரிகிறது.

இந்தியாவின் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பெண் மட்டும்தான் பாதிக்கப்பட்டவராக மனு கொடுக்க முடியும். அதே 2005-ல் இலங்கை கொண்டுவந்த சட்டத்தில் ஆண், பெண் யாரும் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். உங்களுக்கு வழியே இல்லை என்று அர்த்தமில்லை. காயப்படுத்துவது பொதுவான குற்றவியல் சட்டத்தில் யார் செய்தாலும் குற்றம், கொடுமை என்ற காரணத்தில் விவாகரத்து கேட்கும் உரிமை கணவனுக்கும் உண்டு. முதலில் அந்தச் சூட்டை டாக்டரிடம் காட்டுங்கள், எப்படிப் பட்டது என்று உள்ளதைச் சொல்லி எழுத வையுங்கள். மனது தாங்காத ராத்திரியில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், இலவசம், தமிழில் பேசலாம்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் வருடம். தம்பதிக்குள் நடக்கும் வன்முறை பற்றி புராஜெக்ட். ஆண், பெண் இருவரையும் கேட்கலாம் என்று கைடு சொல்கிறார். என்ன கவனிக்க வேண்டும் அக்கா?
– மாணவி, மதுரை

கேளும்மா. ஆனால் எத்தனை அடி என்பதோடு நிறுத்தாதே. அடுத்து மூன்று கேள்வி போடு: அப்போது பயந்தீர்களா, மருத்துவம் தேவைப்பட்டதா, அவரைக் கேட்காமல் உங்களால் என்னென்ன செய்ய முடியாது. இந்த மூன்றாவது கேள்விக்கு ஆண்கள் என்ன சொல்கிறார்கள், பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று தனித்தனியாக எழுது. ஒரே வீட்டில் இருவரையும் கேட்காதே, ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, பேட்டி முடிந்ததும் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வராதே. அது தலையணைக்கடியில் அகப்பட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? கேஸ் புக்கிங், ஆம்புலன்ஸ், ஈ.பி. ஆபீஸ் நம்பர்களோடு நடுவில் ஒரு வரியாக அதையும் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டுகிற மாதிரி கொடு.