பழைய லெஸ் பாலுக்கு பிக்கார்டு: முதலில் துளையைத் தேடுங்கள்

கேள்வி: என்னிடம் 1972-இல் செய்த கிப்ஸன் லெஸ் பால் டீலக்ஸ், கோல்டுடாப் கிடார் இருக்கிறது. வாங்கும்போதே பிக்கார்டு (மேற்பரப்பைக் காக்கும் தகடு) இல்லை. கம்பியை மீட்டும் பிக் உரசும் இடத்தில் தங்க நிறம் தேய்ந்து பச்சை தட்டுகிறது. புதிதாக ஒன்று பொருத்தலாமா? துளை போட்டால் விலை குறையுமா?

துளை ஏற்கெனவே இருந்தால் தயங்காமல் பொருத்துங்கள். இல்லையென்றால் டிரில்லைத் தொடாதீர்கள்.

அந்தக் காலத்து டீலக்ஸ்கள் பெரும்பாலும் பிக்கார்டுடனேதான் விற்பனைக்கு வந்தன. உங்களுடையதை யாரோ கழற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மேற்பரப்பில், ஃபிரெட்போர்டு (விரல் பதிக்கும் பலகை) முடியுமிடத்தில், உடல் உள்வாங்கியிருக்கும் கட்அவே பக்கம். மற்றொன்று, மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கத்து விளிம்பில், இடுப்பு வளைவை ஒட்டி. பிக்கார்டைத் தாங்கும் உலோக பிராக்கெட் அங்கேதான் முடுக்கப்படும். துளையை அடைத்துப் பூசியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடியுங்கள்: பழைய நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் மேல்பூச்சு) மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், பின்னாளில் பூசிய இடம் கருந்திட்டாக நிற்கும். பிக்கார்டு இருந்த இடத்தில் தங்க நிறம் சற்றுப் பளிச்சென்று அதன் வடிவத்திலேயே தெரிந்தால் அதுவும் சாட்சி.

பச்சைக்குக் காரணம் அழுக்கு அல்ல. அந்தத் தங்க நிறம் வெண்கலப் பொடி. மேலிருக்கும் தெளிவான லாக்கர் தேய்ந்ததும் வியர்வை பட்டு, செம்புப் பாத்திரத்தில் போலக் களிம்பு ஏறுகிறது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மிச்ச லாக்கரும் போய்விடும். பிக்கார்டு வந்தாலும் ஏறிய களிம்பு போகாது. மேலும் பரவாமல் தடுக்கும், அதுவும் தகடு மறைக்கிற இடத்தில் மட்டும். முன்கை படுகிற இடத்துக்கு அதனால் பயனில்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதே அங்கே மருந்து.

வாங்கும்போது ஏமாறுவது வெட்டு அளவில்தான். டீலக்ஸில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்கள் மினி ஹம்பக்கர் என்ற சிறிய வகை, ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள கிரீம் நிறச் சட்டம் பி-90 என்ற வேறு வகை பிக்கப்பின் அளவு. எனவே பி-90 வெட்டுள்ள கிரீம் பிக்கார்டு கேளுங்கள். முழு அளவு ஹம்பக்கருக்கு வெட்டியது பொருந்தாது. ஒரு எச்சரிக்கை: பல டீலக்ஸ்களில் பிக்கப் குழியைப் பெரிதாக்கி முழு ஹம்பக்கர் வைத்திருப்பார்கள். உங்களுடையது அப்படியா என்று முதலில் பாருங்கள். தகட்டை வாங்குமுன் அதன் வடிவத்தைத் தாளில் நிஜ அளவில் அச்சிட்டு, வெட்டிக் கிடார் மேல் வைத்துப் பார்ப்பது நல்லது. நகல் தகடுகளில் இரண்டு பிக்கப்களுக்கு இடையிலான தூரம் பல நேரம் பிசகும்.

துளை இல்லையென்றால்? துளையில்லாமல் மாட்டும் பிராக்கெட்டுகள் பிக்கப் வளையத்தின் மூலை ஸ்க்ரூக்களில் தொங்குபவை. அத்தகைய வளையம் டீலக்ஸில் கிடையாது. ஒட்டும் வினைல் தகடு, பசையில்லாமல் தானே ஒட்டிக்கொள்ளும் படலம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வினைலில் உள்ள மென்மையாக்கி நைட்ரோ லாக்கரை இளக்கிவிடும். உரிக்கும்போது பூச்சும் கூடவே வரும். அப்படியே விடுவதுதான் என் தீர்ப்பு. துளை படாத மேற்பரப்புக்குத் தேடி வாங்குபவர்கள் கூடுதல் விலை தருவார்கள். தேய்மானத்தை அவர்கள் குறையாகவே எண்ணுவதில்லை.

கிடார் ஏற்கெனவே மறுபூச்சு கண்டு, குழியும் பெரிதாக்கப்பட்டு, மேடையில் உழைக்கிற ஒன்றாக இருந்தால் கதை வேறு. அப்போது துளையிடலாம். பிக்கப் உயரத்தை சரிசெய்து, தகட்டை இடத்தில் வைத்து, கம்பிகளில் இடிக்காததைப் பார்த்த பிறகு குறியிடுங்கள். பூச்சு இளகியிருந்தால் குறியிட ஒட்டும் மாஸ்கிங் டேப்பே அதை உரித்துவிடும்; ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு ஒட்டுங்கள். டிரில் பிட் ஸ்க்ரூவின் மரையின் அளவில் அல்ல, உள்தண்டின் அளவில் இருக்கட்டும். மெல்லிய பிக்கார்டு ஸ்க்ரூவுக்கு மேப்பிள் மரத்தில் 1.5 மி.மீ. அளவில் தொடங்கலாம். ஆழத்துக்கு பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். துளை வாயைக் கையால் சற்று அகலப்படுத்தாவிட்டால் மரை லாக்கரைத் தூக்கிச் சில்லாகப் பெயர்க்கும். ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகு தடவிக் கையாலேயே முடுக்குங்கள்.

பழைய துளை தளர்ந்திருந்தால் கடின மரச் சிம்பு ஒன்றை மரப்பசையோடு செருகி, காய்ந்ததும் புதிதாகத் துளையிடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம், சிந்தினால் லாக்கர் கரையும். பொருத்திய பிறகு தகடு அதிர்ந்து சத்தம் எழுப்பினால் பிராக்கெட்டின் நட்டைப் பாருங்கள். தகட்டைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபயரில் பொரிந்தால் அது நிலைமின்சாரம். ஏசி அறையின் வறண்ட காற்றில் அதிகம் வரும். தகட்டின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டி, அதை கிரவுண்டோடு இணைத்தால் அடங்கிவிடும். அந்தத் தாள் மேற்பரப்பிலோ பிக்கப் கவரிலோ உரசாமல் ஓரத்தை உள்ளே தள்ளி வெட்டுங்கள்.