வீட்டில் விளைந்த காய்க்கு மட்டும் ஏன் தனி ருசி?

விதை ஒன்றுதானே, கடை வெண்டைக்காய்க்கும் கொல்லை வெண்டைக்காய்க்கும் ருசி எப்படி மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நாக்கு கொஞ்சம் ஓரவஞ்சனை செய்யும்தான். ஆனால் அது மட்டுமில்லை.

பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. அதற்குத் தன்னிடமுள்ள சர்க்கரையைத்தான் எரிக்கிறது. கூடவே நீரும் ஆவியாகிப் போகிறது. சந்தையில் வெயிலில் கிடக்கும் கீரைக்கட்டு துவள்வதைப் பார்த்தாலே தெரியும். வெண்டை இன்னும் அவசரக்காரன். பூத்து ஐந்தாறு நாளில் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். வீட்டில் என்றால் தினமும் காலையில் ஒரு நடை போய், விரல் நீளத்தில் பிஞ்சாகவே பறித்துவிடலாம்.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊர்ப் பக்கம். கடல் மணல், தண்ணீர் நிற்காது. கோடையில் கிணறு உப்புக் கரிக்கும். ஐப்பசி மழையை நம்பித்தான் விதை போடுவோம். மாட்டு எருவும் மக்கின இலையும் கொட்டினால் மணல் கொஞ்சம் ஈரம் பிடிக்கும். முருங்கை மட்டும் எதையும் கேட்காது. சூடைமீன் குழம்புக்குப் புளி கரைக்கும்போதே தொரட்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு காய் இழுத்து வருவேன். நறுக்கும்போது கத்தியில் ஈரம் படியும்.

அப்புறம், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முண்டு மிளகாயை வெளியூரார் வற்றலாகத்தான் அறிவார்கள். அதைச் செடியில் பச்சையாகக் கிள்ளி, பழைய கஞ்சிக்குக் கடித்துப் பாருங்கள்.