4,200 சுருக்கங்களை மென்பொருளிடம் விட்டுவிடலாமா?

சமூக மருத்துவ முதுநிலை மாணவி ஒருவர் கேட்கிறார்: "ஆய்வேட்டுக்காக சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் முறைப்படி தேடித் தொகுக்கும் வேலை, செய்கிறேன். பப்மெட், எம்பேஸ், காக்ரேன் ஆகிய மூன்று மருத்துவக் கட்டுரைத் தளங்களிலும் தேடியதில், தலைப்பும் சுருக்கமுமாக 4,200 பதிவுகள் வந்தன. படிக்க நானும் தோழியும் மட்டும்தான். மென்பொருளிடம் விட்டுவிடலாமா?"

விட்டுவிட முடியாது, வேலை வாங்கலாம்.

முதலில் இரட்டைப் பதிவுகளைக் களையுங்கள். ஒரே கட்டுரையின் பக்க எண் ஒரு தளத்தில் 1123-9 என்றும் இன்னொன்றில் 1123-1129 என்றும் இருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி இரண்டையும் வேறு வேறு என்று விட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகக் குழு இதற்கென்றே ஒரு டீடூப்ளிகேட்டரை இலவசமாகத் தருகிறது. நிறைய நீர் குடித்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்றைத் தடுக்க முடியுமா என்ற ரிவியூவை இரண்டே வாரத்தில் முடித்தவர்கள் அவர்கள். (கைதேர்ந்தவர்கள், அதற்கென்றே நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வார்டு டியூட்டிக்கு நடுவே அதை எதிர்பார்க்காதீர்கள்.)

அடுத்து, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏஎஸ்ரிவியூ என்ற மென்பொருள். இலவசம், உங்கள் கணினியிலேயே ஓடும். ஏற்கெனவே தெரிந்த பொருத்தமான கட்டுரைகள் சிலவற்றையும், பொருந்தாத சிலவற்றையும் காட்டித் தொடங்குங்கள். அது தலைப்பு, சுருக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்து, பொருந்தக்கூடியதை முன்னால் நீட்டும். நீங்கள் "ஆம்", "இல்லை" சொல்லச் சொல்ல வரிசையைத் திருத்திக்கொண்டே போகும். தேவையானவற்றில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே கைக்கு வந்துவிடும். எதையும் அது தானாகத் தள்ளுவதில்லை.

சிக்கல், எங்கே நிறுத்துவது என்பதில்தான். தொடர்ந்து 100 பதிவுகள் "இல்லை" என்றால் நிறுத்தலாம் என்பார்கள். அது மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்திய பிறகு, பார்க்காத மிச்சத்திலிருந்து குலுக்கல் முறையில் 200 எடுத்துப் படியுங்கள். ஒன்று தேறினாலும் மறுபடி தொடருங்கள். சுருக்கமே இல்லாத பதிவுகளைத் தனியாகப் பிரித்து நீங்களே பாருங்கள். தலைப்பு மட்டும் இருப்பதால் கருவிக்குப் பிடி கிடைக்காது. நல்ல கட்டுரைகூட அடியில் போய்ப் புதைந்துவிடும்.

தோழியும் தனியாக முடிவெடுக்க வேண்டும். பதிவுகளைச் சலிக்க உதவும் ரய்யான் என்ற இணையக் கருவியில் ஒருவர் முடிவு மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கும் வசதி உண்டு. பார்த்த பிறகு மனம் மாறுவது மனித இயல்பு.

தேர்ந்த கட்டுரைகளிலிருந்து எண்களை எடுத்தெழுத சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்டால், ஒவ்வோர் எண்ணையும் மூலக் கட்டுரையின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஆனால் கட்டுரை தேடித் தரும்படி அதைக் கேட்கவே கேட்காதீர்கள்; இல்லாத கட்டுரைக்கும் அது ஆசிரியர் பெயர் போட்டுக் கொடுத்துவிடும்.

நிறுத்தும் விதியை இப்போதே, ஒரு சுருக்கத்தைக்கூடத் திறப்பதற்கு முன், ஆய்வு நெறிமுறையில் (புரோட்டோகால்) எழுதிவிடுங்கள். கருவியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள். ரிவியூவை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டியான பிரிஸ்மா 2020-இன் வரைபடத்தில், தானியங்கிக் கருவி பொருந்தாது என்று குறித்த பதிவுகளுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.